அளக்காத களம்

வெருகல் ஆற்றங்கரையில் மருதமரங்களுக்குக் கீழே ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. நடக்க வருகிறவர்களுக்கென்று யாரும் போட்ட பாதையில்லை. மாடுகளும் தூண்டில்காரர்களும் மிதித்து உண்டானது. மருதின் வேர்கள் கரையை விட்டிறங்கித் தண்ணீருக்குள் துழாவும் இடங்களில் பாதை மேட்டுக்கு ஏறிவிடும். நாணல் அடர்ந்த இடங்களில் காணாமற் போய், பத்தடி தள்ளி மறுபடி தலை காட்டும். எனக்கு முன்னால் நடந்தவர் கதிரவெளிப் பக்கத்துக்காரர், என்னிலும் பத்து வயது இளையவர். ஓரிடத்தில் நின்று, கையிலிருந்த கம்பால் மண்ணைத் தட்டினார்.

“இந்த இடந்தான் காக்கா.”

நான் பார்த்தேன். பட்டை உரிந்து வெளிறிய பெரிய மருது ஒன்று. அடியில் ஐந்து சிறகுள்ள காய்கள் உலர்ந்து கிடந்தன. தூரத்தில் மணல் ஏற்றும் உழவு மெசினின் சத்தம்.

“எது தம்பி?”

“எல்லாந்தான்” என்றார்.

கல்முனையிலிருந்து வெருகலுக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். என் சிறுவயதில் அது பிறதேசம். வாழைச்சேனை, ஓட்டமாவடி தாண்டினால் காயாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி. அதன் பிறகு ஆறு. ஆற்றைக் கடக்கும் மிதவைக்கும் எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். பாதையில் ஏறினால்தான் பாதை தொடரும். போருக்குப் பிறகு வெருகலிலும் கிண்ணியாவிலும் பாலங்கள் வந்துவிட்டன. அந்தச் சொல்லின் இரண்டாவது பொருள் இனி வயதானவர்களோடு போய்விடும்.

நான் அங்கே போனது மூத்தாப்பா சொன்ன ஒரு கதையின் பின்னால். கிழக்கில் இந்தக் கதையைக் கேளாமல் வளர்ந்தவர்கள் குறைவு. மட்டக்களப்புப் பகுதியில் முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை மூண்டதாம். முக்குவருக்குக் கை தாழ்ந்தபோது பட்டாணியரைத் துணைக்கு அழைத்தார்களாம். பட்டாணியர் என்றால் நாங்கள், முஸ்லிம்கள். சொல்பவரின் வாயைப் பொறுத்துத் துலுக்கர் என்றும் சோனகர் என்றும் வரும். இரு கூட்டமும் சேர்ந்து திமிலரைக் கரையோரமாக வடக்கே துரத்திக்கொண்டு போய், வெருகலுக்கு அப்பால் விட்டுவிட்டுத் திரும்பினார்களாம். அக்கரைப்பற்றில் தங்கியிருந்து ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலிலும் இந்தக் கதை வருகிறது. ஆண்டு எது, அரசன் யார் என்று கேட்டால் கதை வாய் மூடிக்கொள்ளும். ஊர்ப்பெயர் கேட்டால் மட்டும் சரளமாகப் பேசும். மட்டக்களப்பிலிருந்து வடக்கே போகும் தெருவே அதற்குச் சாட்சி. சத்துருக்களை வென்ற இடம் சத்துருக்கொண்டான். எதிரியை ஏற விடாமல் தடுத்த ஊர் ஏறாவூர். களைத்து வந்து ஆறிய மூலை வந்தாறுமூலை. சந்தி பேசி முடித்த வெளி சந்திவெளி. மொழியறிஞர்கள் இதில் பாதியைத் தள்ளுவார்கள். ஆனால் கல்லும் கோபுரமும் இல்லாத ஒரு போர்க்களத்தை ஊர்ப்பெயர்களிலேயே நட்டு வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்து நான் வியந்ததுண்டு. பஸ் கண்டக்டர்கள் தினமும் உரத்துச் சொல்லிக்கொண்டு போகும் நினைவுச்சின்னம்.

கதையின் முடிவைச் சொல்லும்போது மூத்தாப்பாவின் குரல் கொஞ்சம் நிமிரும். வெற்றிக்குப் பிறகு முக்குவர், “பொருள் வேணுமா, பொண் வேணுமா?” என்று கேட்டார்களாம். பட்டாணியர் பெண் என்றார்களாம். அதனால்தான் எங்களிலும் குடி தாய்வழியாக வருகிறது, மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போகிறான் என்று முடிப்பார். அடுப்படியிலிருந்து மூத்தம்மா ஒருநாள் கேட்டது இன்னும் காதில் கிடக்கிறது: “அந்தப் பொண்டுகளிட்ட ஆராவது கேட்டதா?” மூத்தாப்பா வெற்றிலையைப் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டார். அந்தக் களத்தில் பங்கு வைத்ததாகக் கதை சொல்லும் ஒரே பொருள் அந்தப் பெண்கள்தான்.

கதையின் இந்த ஊர்ப்பெயர்களில் ஒன்றும் 1990இற்குப் பிறகு பழைய பொருளோடு இல்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் 3இல் காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூருக்குள் வந்தார்கள். விடியுமுன் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், பெண்களும் குழந்தைகளுமாக, இறந்து கிடந்தார்கள். ஏற விடாத ஊர் என்று நாங்கள் பெருமையாகச் சொன்ன ஊர். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் கூட்டிச் சென்றது. ஒருவரும் திரும்பி வரவில்லை. களைத்து வந்து ஆறிய மூலை. செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் 184 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் முதியோரும் பிள்ளைகளும். இராணுவத்தின் கையில் நடந்தது அது என்று பின்னர் அரசு அமைத்த ஆணைக்குழுவே விசாரித்து எழுதியது. எழுதியதோடு முடிந்தது. மூத்தாப்பாவின் கதையை இப்போது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல உட்கார்ந்தால், ஊர்ப்பெயர் வரும் இடத்தில் எனக்கு நாக்குத் தடுக்குகிறது. எந்தச் சண்டையைச் சொல்கிறேன் என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்ல?

வெருகல் ஒன்றுதான் கதையில் எல்லையாக மட்டும் வருவது. அங்கே நடந்தால் கதையின் ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம் என்று எண்ணியிருந்தேன்.

ஓகஸ்ட் மாதத்து ஆறு மெலிந்து, நடுவில் மணல் திட்டுகளைத் துருத்திக்கொண்டு கிடந்தது. இது மகாவலியின் ஒரு கை. மத்திய மலையில் தொடங்கி 335 கிலோமீற்றர் ஓடி வரும் ஆறு, கடலைக் காணுமுன் கிளை பிரிந்து, ஒரு கிளை வெருகல் என்ற பெயரோடு வங்கக் கடலில் விழுகிறது. ஆற்றோரத்தில் சித்திரவேலாயுத சுவாமி கோயில். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் இங்கே தங்கி, பிறகு எங்கள் ஊர்த் தெருக்களையும் கடந்து பொத்துவில், ஒக்கந்தை, குமண காடு என்று போவார்கள். சிறுவயதில் கல்முனைத் தெருவில் அவர்கள் வேலோடும் அரோகராவோடும் போவதைப் பார்த்திருக்கிறேன். நடப்பதற்காகவே நடக்கிறவர்களை நான் அறிந்தது அவர்களிடம்தான். எங்களுக்கு நடை என்றால் வயலுக்கு, கடைக்கு, பள்ளிக்கு.

கரையேறி நடக்கையில் காடு மாறிக்கொண்டே வந்தது. தண்ணீரோரம் மருது, புங்கை. கொஞ்சம் உள்ளே நாவல், விளா. இன்னும் உள்ளே பாலையும் வீரையும் முதிரையும். யானை முறித்துப்போட்ட கிளைகள் பாதையில் கிடந்தன. தண்ணீர்ப் பக்கம் நான் ஒதுங்கியபோது, “அங்கால போக ஏலா காக்கா, முதலை கிடக்கும்” என்றார் தம்பி. மிதிவெடி அகற்றிய காலத்தில் சிவப்புப் பலகை நட்டிருந்த இடங்களைக் கம்பால் காட்டிக்கொண்டு வந்தார். பலகைகள் இப்போது இல்லை. அவர் கால் மட்டும் அந்த இடங்களில் தானாக ஒதுங்கியது.

இதே ஆறு மேலே பேராதனைப் பூந்தோட்டத்தைச் சுற்றி வளைகிறது. எதிர்க்கரை கன்னொறுவை. எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்த போர்க்களம் அது. 1638 மார்ச் 28இல், வெறிச்சோடிய கண்டி நகரை எரித்துவிட்டுத் திரும்பிய தியேகோ த மெலோவின் படையை இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அங்கே மறித்தார்கள். தளபதியே மாண்டான், மிஞ்சிய போர்த்துக்கேயர் 33 பேர். பரீட்சைக்கு அந்த எண்ணை மனப்பாடம் செய்தோம். அந்தப் படையில் போர்த்துக்கேயரைவிடப் பல மடங்கு இருந்தவர்கள் லஸ்கரின்கள், இந்தத் தீவின் மண்ணிலேயே பிறந்த சிப்பாய்கள். பாரசீகத்தின் ‘லஷ்கர்’ போர்த்துக்கேய வாயில் விழுந்து அந்தப் பெயர் வந்தது. நடுவழியில் அவர்களில் பலர் கைவிட்டுப் போனார்கள். போனவர் எத்தனை, செத்தவர் எத்தனை என்று எந்தப் பரீட்சையும் என்னைக் கேட்டதில்லை. இரண்டு மாதம் கழிவதற்குள் அரசன் கிழக்கே இறங்கி வந்து, ஒல்லாந்தரோடு சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தான். எங்கள் கரைக்கும் அந்தப் போர் வந்து சேர்ந்தது. அப்போதும் எண்ணிக்கை கோட்டைக்குள் இருந்தவர்களுக்குத்தான்.

தம்பி காட்டிய இடத்துக்கு வருகிறேன். 2004 மார்ச் 3ஆம் திகதி, புலிகளின் கிழக்குத் தளபதி கருணா வன்னித் தலைமையிலிருந்து பிரிவதாக அறிவித்தார். ஏப்ரல் 9 பெரிய வெள்ளி. அன்று வடக்கிலிருந்து வந்த அணிகள் இந்த ஆற்றைக் கடந்தன. சில நாட்களில் எல்லாம் முடிந்தது. கருணா தன் அணியைக் கலைத்துவிட்டு வெளியேறினார். அவரோடு இருந்த பல நூறு சிறுவர் சிறுமியர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அதில் பலர் பின்னர் மறுபடியும் பிடித்துச் செல்லப்பட்டார்கள்.

“அங்கால இருந்து வந்தவனும் எங்கட பொடியன்தான் காக்கா. இங்கால காவலுக்கு நின்டவனும் எங்கட பொடியன்தான். பதினாலு, பதினஞ்சு வயசு. மறுகா தாய்மார் வந்து தேடினாங்க. சில பேருக்குப் பிள்ளை கிடைச்சது.”

“எத்தின பேர் செத்திருப்பாங்க தம்பி?”

“ஆரு எண்ணின?”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்ட ஆளுக்குச் சரக்கு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். புலிகளின் மயானங்களான மாவீரர் துயிலும் இல்லங்களையாவது போருக்குப் பின் இடித்து நிரவினார்கள். நிரவுவதற்கு ஒரு காலம் ஏதோ இருந்திருக்கிறது. அந்தப் பெரிய வெள்ளியில் தோற்ற பக்கம் நின்று செத்த பிள்ளை, வென்றவர்களுக்குத் துரோகி. அரசுக்குப் பயங்கரவாதி. எங்களைப் போன்றவர்களுக்கோ, உண்மையைச் சொன்னால், ‘அவங்கட சண்டை’. அந்த நாட்களில் கல்முனைக் கடைத்தெருவில் நாங்கள் அதை அப்படித்தான் பேசினோம். தேநீர் குடித்துக்கொண்டே பேசினோம்.

அவங்கட சண்டை அவர்களோடு நிற்கவில்லை. இதே ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் மாவிலாற்றின் கதவைப் புலிகள் 2006 ஜூலையில் மூடினார்கள். சேருவில, மூதூர்ப் பக்கத்தில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று எல்லாருடைய வயல்களும் அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. கதவைத் திறக்க இராணுவம் புறப்பட்டது. ஓகஸ்ட் 2இல் புலிகள் மூதூருக்குள் நுழைந்தார்கள். மூதூர் முஸ்லிம்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தார்கள். 2009 மேயில் நந்திக்கடலில் முடிந்த கடைசிப் போர், ஒரு வாய்க்கால் கதவில் தொடங்கியது. தண்ணீர் முறைக்காக வட்டைவிதானையோடு சண்டை பிடிக்காத விவசாயி எங்கள் பக்கத்தில் இல்லை. அதனாலோ என்னவோ, அந்தச் செய்தி எனக்கு மட்டும் அரசியலாக விளங்காமல், வரம்பில் நின்று கேட்டதுபோல விளங்கியது.

களம் என்ற சொல்லையும் நான் முதலில் வயல் வட்டையில்தான் அறிந்தேன். அறுத்த கதிரைக் கட்டி, குவித்து வைப்பதற்கு எங்கள் ஊரில் சூடு வைப்பது என்று பெயர். களத்தில் எருமைகளைப் பிணைத்துச் சூடு மிதிப்பார்கள். பின்னர் உழவு மெசின் வந்தது. இப்போது வெட்டுமெசின் வயலிலேயே மூட்டையாக்கித் தந்துவிட்டுப் போகிறது. துவக்குச் சூடு என்ற பொருளில் அந்தச் சொல்லை நான் கேட்டது பிறகுதான். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பொருள்தான் முதலில் வரும். மூத்தாப்பாவின் களத்தில் செருப்போடு ஏற முடியாது. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி. “முடிஞ்சா?” என்று கேட்கக்கூடாது. ராத்திரி பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் பொலியை அளப்பார்கள். ஒன்று என்று சொல்லாமல், லாபம் என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று மரைக்கால் விழும். முதலில் ஸக்காத்து. மழை விளைவித்ததென்றால் பத்தில் ஒன்று. நீர் பாய்ச்சச் செலவழித்திருந்தால் இருபதில் ஒன்று. அதை அறுத்த நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். பிறகு வயல்வேலையைப் பார்த்த முல்லைக்காரனுக்கு, விதானைக்கு, கொல்லனுக்கு, களத்தோரம் பெட்டியோடு வந்து நிற்கும் விதவைக்கு. வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரின் பங்கு கடைசியில். எல்லாரும் எல்லாருக்கும் முன்னால் அளந்து வாங்கிக்கொண்டு போன பிறகு, அடுத்த நாள் காலை அது வெறுங்களம். நாங்கள் அதில் பந்தடிப்போம். முதல் நாள் செருப்போடு ஏறினால் அடிக்க வரும் மூத்தாப்பா, மறுநாள் வரம்பில் உட்கார்ந்து ஓட்டம் எண்ணுவார்.

தமிழ் மூத்தவர்களுக்கும் இந்த இரண்டு களமும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. தொல்காப்பியம் ஏர் பிடித்தவர்களின் களவழியையும் தேர் ஏறியவர்களின் களவழியையும் ஒரே திணையில் வைக்கிறது. பிணத்தைக் கதிராகவும் யானையைக் கடாவாகவும் காட்டிப் பாடிய புலவர்கள் பலர். வெற்றிக்கு உவமை தேடியே அதைச் செய்தார்கள் என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். எனக்கு இப்போது வேறொன்று படுகிறது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள்கூடக் கூழ் காய்ச்சி, வரிசையாக உட்கார வைத்து, குருடு, ஊமை, கர்ப்பிணி என்று பேய் பார்த்துப் பங்கு வார்க்கின்றன. களம் என்று இருந்தால் அளவும் பங்கும் உண்டு என்பது அந்தப் புலவனுக்கும் மறக்கவில்லை. வெருகலில் சூடு மட்டும் நடந்தது. மரைக்கால் இன்னும் களத்துக்கு வரவில்லை.

போர்க்களத்தைப் பூங்காவாக்கி, காட்டுப் பாதை வெட்டி, குடும்பமாக நடக்கிற நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலையில் மூன்று நாள் போர். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட நினைவுக்கற்களுக்கு நடுவே ஆட்கள் நடக்கிறார்கள். அங்கே பாதை வருமுன் கணக்கு வந்தது. நான்கு மாதத்தில், செத்த சிப்பாய்களைத் தோண்டியெடுத்து, மாநிலம் மாநிலமாக வரிசை பிடித்துப் புதைக்கத் தொடங்கிவிட்டார்கள்; லிங்கன் வந்து பேசியது அந்த மயானத்தில். அதுவும் முழு அளவையில்லை. வென்ற பக்கத்தாருக்குத்தான் அந்த வரிசை. தோற்ற தென்பக்கத்தார் வயல்வெளிக் குழிகளில் கிடந்து, பல வருடம் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பாதி அளந்த களத்திலேகூட மனிதர்களால் உலாவ முடிகிறது என்றால், நாங்கள் ஒரு மரைக்காலாவது போட்டிருக்கலாம்.

வெயில் சாய்ந்து, கோயில் பக்கம் திரும்பி நடந்தோம். தம்பி வழியில் ஒரு மருதங்காயை எடுத்து உருட்டிக்கொண்டே வந்தார்.

“உங்கட பக்கத்திலயும் இப்பிடி இடம் இருக்கா காக்கா?”

“இருக்கு.”

“ஆரு செய்த?”

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக வரவில்லை. ஏறாவூர், காத்தான்குடி என்று சொல்ல வாய் பழகியிருக்கிறது. 1990 ஜூன் 11இல் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிசாரைப் புலிகள் கொண்டுபோய்க் கொன்றதைச் சொல்லலாம். அதற்குப் பிறகு இராணுவம் கல்முனைக்குள் வந்தபோது தமிழர்களுக்கு நடந்ததையும் சொல்லலாம். எல்லாம் மற்றவர்கள் செய்தவை. நான் வேறொன்றைச் சொன்னேன். “வீரமுனை” என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

ஏறாவூரில் எங்கள் ஆட்கள் செத்துக் கிடந்த அதே ஓகஸ்ட் 12ஆம் திகதி, சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனை சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். வந்தவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் இருந்தார்கள் என்பது உயிர் தப்பியவர்களின் சாட்சி. எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பேசும்போது முதலில் ஏறாவூரைச் சொல்லிவிட்டுத்தான் பேசுவோம். இந்தக் கட்டுரையிலும் நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

திமிலரைத் துரத்திய கதையின் எல்லையைப் பார்க்க நான் பஸ் மாறி மாறி நூறு கிலோமீற்றருக்கு மேல் போனேன். வீரமுனை என் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. பின்னால் என் மாமாவின் வயல் இருந்தது. அம்பாறைக்குப் போகும் பஸ் அந்தத் தரிப்பிடத்தில் நிற்கும். ஆட்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள். கண்டக்டர் பெயரைச் சத்தமாகச் சொல்வார். நாற்பது வருடமாக அந்த வழியால் போய் வருகிறேன். அங்கே நான் ஒருமுறையும் இறங்கியதில்லை.